ஒன்பது மரக்கால் பிள்ளை

முள்ளிக்கரையில் இப்போதெல்லாம் பிள்ளை ஏலம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். கோயில் உபதேசியார் பிள்ளையைத் தூக்குவார், பெற்றவள் ஒரு மரக்கால் என்பாள், மூன்று தரம் சொல்லி இறக்கிவிடுவார், கூடியிருக்கிற முந்நூறு பேரும் வாயைத் திறக்காமல் கலைந்துபோவார்கள். ஆனால் கயித்தானும் பிரகாசியும் தங்கள் மகன் இசிதோரை மேடைக்குக் கொண்டுபோன வருஷம்வரை அது அப்படி இருக்கவில்லை.

அதுவரைக்கும் எப்படி என்றால், பிள்ளை இல்லாதவர்கள் சந்தியாகப்பரிடம் நேர்ந்துகொண்டு, பெற்ற பிள்ளையை முதல் பிறந்தநாளுக்குள் கோயிலுக்கே கொடுத்துவிட்டு, திருவிழாவின் ஒன்பதாம் நாள் சாயங்காலம் கோயிலிடமிருந்து ஏலத்தில் திரும்ப எடுப்பார்கள். காசுக்கு அல்ல, அரிசிக்கு. மறுநாள் ஊர் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்துக்கு அந்த அரிசிதான் உலையில் விழும் என்பதால், கோயில் இரும்பு மரக்காலை மேடையில் வைத்து, ஒரு மரக்கால், இரண்டு மரக்கால் என்று அளவு சொல்லிக் கேட்பார்கள். ஒவ்வொரு மரக்காலாகத்தான் ஏற்ற வேண்டும், தன் கேள்வியின்மேல் தானே ஏற்றக் கூடாது, மூன்று தரம் சொல்லி முடிகிறவரை பிள்ளை மேடையை விட்டு இறங்கக் கூடாது, எவர் குரல் கடைசியோ கலியாணம் ஆகிறவரைக்கும் அந்தப் பிள்ளை அவர் பேச்சுக்குள்தான். கடைசிக் குரல் பெற்றவர்களுடையதாக இருக்கும்படி ஊரே பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்னால் மாமனும் அத்தையும் சித்தப்பனும் ஏற்றிவிடாமல் விடமாட்டார்கள், ஏனென்றால் முப்பது மரக்காலுக்குக் குறைந்துபோன பிள்ளையை மலிவுப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்திலிருந்து பாடை வரைக்கும் கூப்பிடுவார்கள். நாற்பத்திரண்டு மரக்காலுக்குப் போன ஒருவர் அறுபது வயதிலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் அதைத்தான் முதலில் சொல்லுவார்.

அந்த வருஷம் பந்தல் செலவை ஏற்றவர் கனடா ரொசாரி. முப்பது வருஷம் கழித்து ஊருக்கு வந்தவர், அங்கே இருக்கிற பேரப்பிள்ளைகளுக்குப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று, மேடைக்கு மேலே நீளத் துணி ஒன்றைக் கட்டி, அதில் ஆள் உயர இங்கிலீஷ் எழுத்தில், ஏலத்துக்கு இங்கிலீஷ்காரர் சொல்கிற ஆக்ஷன் என்ற சொல்லை அடித்திருந்தார். மைக்கிலும் அதையே சொல்லச் சொன்னார். மரியான் உபதேசியாருக்கு முப்பத்தெட்டு வருஷமாக ஏலம் என்றே சொல்லிப் பழகிய வாய். இரண்டு தரம் திக்கி, மூன்றாம் தரம் "பிள்ளை ஆக்ஷன் ஆரம்பம்" என்று சொல்லிவிட்டு, பதினோரு மாதப் பிள்ளையான இசிதோரைத் தலைக்கு மேலே தூக்கி நாலு திசைக்கும் காட்டினார்.

"ஒரு மரக்கால்" என்றாள் பிரகாசி, மேடையோரம் நின்றபடி, பதினோரு வருஷம் பிள்ளைக்காகக் காத்திருந்த குரலில்.

"ரெண்டு!" என்றாள் கயித்தானின் அக்கா ஞானம்மா.

உபதேசியாருக்குக் கை கனத்தது. பிள்ளையை மேடைப் பலகையில் இறக்கினார். பிள்ளை நின்றது.

"இவன் இன்னும் தவழுத பிள்ளையில்லா?" என்றது ஒரு குரல்.

"மேடையில நிறுத்துனா எந்தப் பிள்ளையும் நிக்கும்" என்றது இன்னொன்று, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கயித்தானுக்குத் தம்பி முறையான ஒருவர் "மூணு" என்றார். இசிதோரின் சட்டைப் பித்தான் தெறித்து பேண்டு வாத்தியக்காரரின் பித்தளைத் தாளத்தில் பட்டு டிங் என்றது, மொட்டை போடாத நேர்ச்சை முடி தோளில் இறங்கியது, அரைஞாண் கயிறு வயிற்றை இறுக்கியது. பிரகாசிதான் முதலில் கண்டாள். மேடைமேல் ஏறி, குனிந்து, அரைஞாணைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "கேக்காதீய, யாரும் கேக்காதீய" என்று கத்தினாள், ஆனால் அந்தச் சமயம் பார்த்து பேண்டுக்காரர்கள் ஊத ஆரம்பித்துவிட்டதால் அவள் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. ஞானம்மா மறுபடியும் "நாலு" என்றாள். பிரகாசியின் அண்ணன் சிலுவை, தாய்மாமன் முறைக்குத் தோணித்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், அவிழ்ந்த வேட்டியைக் குனிந்து கட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "தாய்மாமன் சொல்லுதேன், அஞ்சு!" என்று முழங்கினார். முழங்கிவிட்டு நிமிர்ந்தால் மேடையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன், இடுப்பில் துணியில்லாமல், இரண்டு கையாலும் அவன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பேண்டு நின்றது. பூசை உதவிக்காரப் பையன்கள் போடுகிற சிவப்பு அங்கி ஒன்றைக் கொண்டுவந்து இசிதோருக்கு மாட்டினார்கள்.

"வளருதது பிள்ளைக்குள்ள வழக்கந்தான், இவன் கொஞ்சம் அவசரப்படுதான்" என்றார் ஒருவர். யாரோ சிரித்தார்கள். பிரகாசி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

பங்குச் சாமியார் கோயில் படியிலிருந்து இறங்கி வந்தார். குருமடத்தில் லத்தீன் படித்த இளவயதுக்காரர். மேடைமேல் கட்டியிருந்த துணியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார்.

"அந்த இங்கிலீஷ் சொல்லு லத்தீன்லேர்ந்து வந்தது" என்றார். "ஔகேரேன்னா வளரச் செய்யிறது. ரோமாபுரிச் சந்தையில விலையைக் கூட்டிக் கூட்டிக் கேட்டதால அதுக்கு வளர்ச்சின்னே பேர் வெச்சாங்க. எழுதுறவனை ஆதர்னு சொல்றாங்களே, அதுவும் அதே வேர்தான், ஒண்ணை வளரச் செய்யிறவன்."

"விலைதானே சாமி வளரணும்? பிள்ளை எதுக்கு வளருது?" என்று கேட்டாள் ஞானம்மா, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

"எது வளரணும்னு அந்தச் சொல்லுல இல்லையே" என்றார் சாமியார்.

அப்படியானால் நம்முடைய ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று உபதேசியார் கேட்டார், சற்றுப் பயத்தோடு, முப்பத்தெட்டு வருஷமாக அந்தச் சொல்லை நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் தலைக்குமேல் சொன்னவர் என்பதால். அது பறங்கிக் கப்பலில் இந்தக் கரைக்கு வந்ததாகவும், பறங்கிக்காரர் அதை அராபியரிடமிருந்து எடுத்ததாகவும், அங்கே அதற்கு அறிவிப்பது என்று பொருள் என்றும் படித்திருப்பதாகச் சாமியார் சொன்னார். "அப்ப நம்ம சொல்லு சும்மா சத்தம் போடுதது மட்டுந்தான், ஒரு கெடுதலும் பண்ணாது" என்று எல்லோருக்கும் உயிர் வந்தது. கனடா ரொசாரியே ஏணி வைத்து ஏறித் தன் துணியை அவிழ்த்து, மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டார்.

ஆனால் அவிழ்த்தது போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பையனை வைத்துப் பார்க்க எவருக்கும் துணிச்சல் இல்லை. நேர்ச்சைக்கு வந்த கோழிக்குஞ்சு ஒன்று கூடையில் இருந்தது. உபதேசியார் அதை உள்ளங்கையில் வைத்து, நல்ல தமிழில், ஏலம் என்று நான்கு தரம் அழுத்திச் சொல்லி, ஒரு மரக்கால் என்று கேட்க வைத்து, இரண்டு மரக்கால் என்று ஏற்ற வைத்தார். குஞ்சு அவர் கையிலேயே கோழியாகி, முட்டை ஒன்று இட்டு, கொக்கரித்தது.

"துணியை அவுத்தா சொல்லு போயிருமா?" என்றார் சிலுவை. "ஊருக்குள்ள எறங்கிட்டுல்லா."

ஆக, வழி ஒன்றுதான் இருந்தது. கடைசிக் குரல் மாமனுடைய ஐந்து மரக்கால். அப்படியே மூன்று தரம் சொன்னால் பிள்ளை தோணித்துறைக்குப் போக வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் அனுப்பி வைக்கிறேன் என்று சிலுவை அழாத குறையாகச் சொன்னார். பிரகாசி பையனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் அந்தக் கன்னத்தில் பால் வாசனை இருந்தது. ஒரு வயசு போனால் போகட்டுமா என்று தன்னையே கேட்டு, தானே சரி என்று சொல்லிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"ஆறு மரக்கால்."

டக்கென்று முன்பல் ஒன்று மேடைப் பலகையில் விழுந்தது. அவள் அதைக் குனிந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது.

"ஆறு மரக்கால், ஒரு தரம்" என்றார் உபதேசியார். "ஆறு மரக்கால், ரெண்டு தரம்."

"ஏழு" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். கயித்தான்.

கயித்தான் கெட்ட மனுஷர் இல்லை, அதை ஊரில் எவரும் சொல்லமாட்டார்கள். வள்ளத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். கூட வந்துகொண்டிருந்த தம்பி கொச்சிக்கு விசைப்படகு வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. ஆள் கிடைத்த நாள் கடல், கிடைக்காத நாள் மணல் என்று, மற்ற வள்ளங்கள் கருக்கலில் இறங்குவதைக் கரையில் நின்று பார்த்துப் பார்த்தே அவர் கண்ணோரம் சுருங்கிவிட்டது. மேடையில் பையன் நிமிர்ந்து நிமிர்ந்து வளர்வதைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரமும் பேசாமல் நின்றவர், மனசுக்குள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"என்ன சொல்லுதிய?" என்றாள் பிரகாசி.

"ஏட்டி, யோசிச்சுப் பாரு. பதினெட்டு மரக்கால். வீட்ல இருக்குத அரிசியே போதும். விடிஞ்சா இவன் வள்ளத்துல முன்னால நிப்பான், நான் பின்னால நிப்பேன்."

"ஒரு வயசு ஆவலைங்க இவனுக்கு."

"பதினோரு வருஷம் காத்திருந்தோம். இன்னும் பதினேழு வருஷம் காத்திருக்கணுமா?"

"நான் காத்திருந்தது ஆளுக்கில்ல. பிள்ளைக்கு. இவன் நடந்ததை நான் பாக்கல. பல்லு முளைச்சதைப் பாக்கல, விழுந்ததைத்தான் பாத்தேன். இருக்கதையும் நீங்க எடுத்திராதிய." சொன்ன வேகத்தில், சொல்லின் சூட்டில், "எட்டு!" என்றாள்.

"ஒம்பது" என்றார் கயித்தான், அவள் மூச்சு விடுவதற்குள்.

ஆணும் பெண்ணும் ஒரே வீட்டு அரிசிப் பானையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பதை முள்ளிக்கரை அன்றுதான் முதல்முதலாகக் கண்டது. சிவப்பு அங்கி பையனின் முழங்காலுக்கு ஏறிவிட்டது, கைவிளிம்பைத் தாண்டி மணிக்கட்டு எலும்பு வெளியே தெரிந்தது, இரண்டு பல் விழுந்த இடத்தில் இரண்டு பெரிய பல் முளைத்து நின்றது. பிரகாசி பத்து என்பதற்கு வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது: அவர் பதினெட்டுக்குத் தனியாகப் போக முடியாது, தன்மேல் தானே ஏற்றக் கூடாது, பாதி வழி அவள்தான் கூட்டிப்போக வேண்டும். அவள் மகனுக்காகக் கேட்கக் கேட்க மகன்தான் கரைகிறான். கேட்காவிட்டால் இந்த ஒன்பது அவருடையது, அவர் பேச்சுக்குள், அவர் வள்ளத்துக்குள். கயித்தானே ஒன்பது வயதில்தான் கடலில் இறங்கியவர்.

அவள் வாயை மூடினாள்.

"ஒம்பது மரக்கால்" என்றார் உபதேசியார். முன்பு எந்தப் பிள்ளைக்கும் அவர் இவ்வளவு மெதுவாகச் சொன்னதில்லை. "ஒரு தரம்."

"கேளு ஏட்டி" என்றார் கயித்தான்.

அவள் கேட்கவில்லை.

அவர் சிலுவை பக்கம் திரும்பினார். "என்ன மச்சான், அஞ்சோட மூச்சு நின்னு போச்சா? தோணித்துறை அரிசியில வண்டு விழுந்துட்டோ?"

சிலுவையின் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. தாய்மாமனை முந்நூறு பேர் நடுவில் இப்படிக் கேட்டால் கேட்டதற்குமேல் ஒரு மரக்கால் கூட்டிச் சொல்லி மீசையைத் தடவுவதுதான் அந்தக் கரையில் நடை. அவர் பெண்சாதி அதை அறிந்தவள், தன் முந்தானையைப் பந்தாகச் சுருட்டி அவர் வாய்க்குள் திணித்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"ஒம்பது மரக்காலுக்குப் போற பிள்ளைய இந்த ஊர்ல எவனாவது பாத்திருக்கியளா?" என்று கயித்தான் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "சாவுற வரைக்கும் மலிவு மலிவும்பியளே! ஒருத்தருக்கும் ரோசமில்லையா?"

ரோசம் இல்லாமலா? முந்நூறு தொண்டையிலும் பத்து என்கிற சொல் முட்டிக்கொண்டு நின்றது. பிறந்ததிலிருந்து ஏற்றிப் பழகிய ஊர், ஏற்றுவதுதான் பாசம் என்று அறிந்த ஊர், அன்றைக்குத் தன் பாசத்தைப் பல்லுக்குப் பின்னால் வைத்துப் பூட்டியது. பெண்கள் செபமாலை மணியைக் கடித்தார்கள். ஞானம்மா தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டு, அந்த வலியில் வாயை மூடி நின்றாள். நாற்பத்திரண்டு மரக்கால் பெரியவர் எதைக் கண்டாலும் ஏற்றிக் கேட்கிற பழக்கமுள்ளவர் என்பதால் அவரை இரண்டு பேர் அலாக்காகத் தூக்கிப் பந்தலுக்கு வெளியே கொண்டுபோனார்கள். காற்றுக்கூட ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனதுபோல் தோரணம் அசையாமல் தொங்கியது.

"ரெண்டு தரம்."

அப்போது இசிதோர் நடந்தான். ஒன்பது வயதுக் கால்கள்தான், ஆனால் அவை நிற்க ஆரம்பித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இடுப்பை ஆட்டி, கையை அகல விரித்து, ஒவ்வொரு பலகையாக மிதித்து மேடை விளிம்புக்கு வந்தான். கீழே அவன் அப்பா நின்றார், அடுத்து யாரைச் சீண்டலாம் என்று வாயைத் திறந்தபடி. பையன் அவரைக் கண்டான். முகம் முழுக்கச் சிரித்தான்.

"ப்பா" என்றான், ஒன்பது வயதுத் தொண்டையால். "ப்பா. ங்கா."

பதினோரு மாதத்தில் சொல்லிப் பழகியது அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல்லும் அவனிடம் இல்லை. இரண்டு நீளக் கைகளையும் மேலே தூக்கினான், தினமும் தொட்டிலில் கிடந்து அப்பாவைப் பார்த்துத் தூக்குகிற மாதிரி. கயித்தானின் திறந்த வாய் அப்படியே நின்றது. பையன் அதற்குமேல் காத்திருக்கவில்லை. கீழே மூன்றடி ஆழம் இருக்கிறது என்றோ, விழுந்தால் வலிக்கும் என்றோ அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளை சாய்ந்தால் கை வரும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். சாய்ந்தான்.

மூன்று தரம் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கிய பிள்ளை ஒருவருக்கும் சொந்தமில்லை. அவன் கால் பலகையை விட்டதற்கும் அவன் நெஞ்சு அவர் கையில் சேர்ந்ததற்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில், முப்பத்தெட்டு வருஷமாக எதற்கும் அவசரப்படாத மரியான் உபதேசியார், "மூணு தரம்!" என்று கத்தினார்.

கயித்தான் பின்னால் நாலடி தள்ளாடி நின்றார். பையன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் தலையை வைத்து, கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டான். கால் இரண்டும் அவர் முழங்கால்வரை தொங்கியது. அவன் வழக்கமாகத் தூங்குகிற நேரம் தாண்டிவிட்டிருந்தது. எச்சில் அவர் சட்டையில் இறங்கியபோது அவன் தூங்கிவிட்டான். சிலுவை வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, கயித்தானுக்கு முன்னால் போய்க் கூட்டத்தை விலக்கினார்.

கூட்டம் வழி விட்டது. கடற்கரைத் தெரு முழுக்க அவர் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தார், நடுவில் இறக்கவில்லை, கை மாற்றவும் இல்லை. பிரகாசி பின்னாலேயே வந்தாள்.

"ஏட்டி" என்றார் அவர், வீட்டு வாசலில், திரும்பாமல். "இவனுக்கு ஒண்ணுமே தெரியல."

"எப்படித் தெரியும்? நாம எப்ப சொல்லிக் கொடுத்தோம்?"

பேச்சு அவருடையது, கடைசிக் குரல் அவருடையது. அவர் நின்று யோசித்தார். பிறகு, "தொட்டில் தாங்காது. பாய் போடு" என்றார்.

மறுநாள் அசனத்துக்கு அந்த ஒன்பது மரக்காலோடு முதல்நாள் இசிதோருக்குப் பின்னால் ஏலத்துக்கு வந்த மற்ற இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றாக இரண்டு மரக்கால், ஆகப் பதினொன்றுதான் உலையில் விழுந்தது. ஊருக்குத் தலைக்கு ஒரு பிடி சோறு கிடைத்தது, ஒருவரும் குழம்பில் உப்புக் குறை என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு வந்த வருஷங்களில் மாமன்மாரும் அத்தைமாரும் ஏற்ற நினைத்த அரிசியை ஓலைக் கொட்டானில் கட்டி, ஏலத்துக்கு முதல்நாளே, எவ்வளவு என்று சொல்லாமல், கோயில் பின்வாசலில் வைத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். தலைமையாசிரியை பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், இசிதோரைப் பால்வாடிப் பாயில் உட்காரவைத்தார். மற்றப் பிள்ளைகள் அவன் முதுகில் ஏறி ஜன்னலுக்கு வெளியே பார்த்தன. சொட்டு மருந்து நர்ஸ் வீடு தேடி வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு சொட்டு விட்டு, சுண்டுவிரலில் மை வைத்துவிட்டுப் போனாள். கரையில் யாராவது, "என்ன கயித்தான், பையனை எப்ப எறக்குத?" என்று கேட்டால், "மொதல்ல சோத்தைக் கையால அள்ளட்டும்" என்பார். கொஞ்ச நாள் கழித்து, "மொதல்ல செருப்பை மாத்திப் போடாம இருக்கட்டும்" என்றார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஆள் கிடைத்த நாள் அவர் கடலுக்குப் போனார், கிடைக்காத நாள் மணலில் கிடந்த வள்ளத்துக்குள் மகனோடு உட்கார்ந்து, இது காக்கா, இது நண்டு, இது காத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பதிலிருந்து பத்துக்கு வர அவனுக்கு முழுசாக ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு நாள்கூடக் குறையவில்லை. அடுத்த திருவிழாவின் ஒன்பதாம் நாள் காலையில் பிரகாசி அவனை நிலைப்படியில் சாய்த்து நிறுத்தி, போன வருஷம் கரியால் போட்ட கோட்டுக்குமேல் விரலை வைத்து அளந்தாள்.

"ரெண்டு விரக்கடை" என்றாள்.

"ஒரு வருசத்துக்கு அவ்வளவுதானா?" என்றார் கயித்தான்.

"அவ்வளவுதான்."

அவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். இன்னொரு தரம் அளக்கச் சொன்னார், மெதுவாக.